கால்வண்ணம்

வீட்டுக் கொட்டகையில் ஒருவர் தம் கையால் கட்டிய சிறு விமானம் எதிரே நின்றால், பார்க்க வருபவர்கள் இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். பிறகு இறக்கையைத் தடவிப் பார்ப்பார்கள். என் கண் முதலில் காலுக்குப் போகும். எந்த மண்ணில் இறங்கப் போகிறது, யார் கை ஓட்டப் போகிறது, எவ்வளவு எடையை விட்டுக்கொடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் கட்டியவர் சொன்ன பதில் அங்கேதான் சக்கரத்தின் மேல் நிற்கிறது. வானத்தில் அந்தக் காலுக்கு ஒரு வேலையும் இல்லை. காற்றைத் தடுக்கும் வெறும் சுமை. தரையில் உயிர் அதன் மேல்தான் நிற்கிறது. இந்த முரணை யார் எவ்வளவு அழகாகத் தீர்த்தார்கள் என்று பார்ப்பதில் எனக்கு அலுப்பே தட்டியதில்லை.

முதல் முடிவு மூன்றாவது சக்கரத்தைப் பற்றியது. முக்கியச் சக்கரங்கள் இரண்டும் இறக்கைக்கடியில் இருக்க, சிறு சக்கரத்தை வாலில் வைத்தால் டெயில்டிராகர். மூக்கில் வைத்தால் டிரைசைக்கிள். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் முன்பாரம், மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும். டெயில்டிராகர் பின்பாரம் ஏற்றிய வண்டி. அதன் எடையின் மையம் சக்கரங்களுக்குப் பின்னே இருக்கிறது.

நிற்கும்போது இதனால் தொல்லை இல்லை. ஓடும்போதுதான் வினை. சற்றே கோணலாகத் தரை தொட்டால் சக்கரங்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். பின்னாலிருக்கும் எடையோ வந்த திசையிலேயே போகப் பார்க்கும். எடை சக்கரத்தை முந்த முயல முயலக் கோணல் கூடிக்கொண்டே போகும். பெடலில் இருக்கும் கால் ஒரு நொடி தாமதித்தால் விமானம் தன்னைத்தானே சுற்றி, இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துவிடும். இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர். டிரைசைக்கிளில் எடை சக்கரங்களுக்கு முன்னே இருப்பதால், கோணலாக இறங்கினாலும் அதே எடை இழுத்து நேராக்கிவிடும். ஃப்ரெட் வீக் வடிவமைத்த எர்கூப் விமானம் 1940-இல் இந்த நிம்மதியைச் சாமானியர்களிடம் கொண்டுவந்தது. 1956-இல் வந்த செஸ்னா 172 அதை உலக வழக்கமாக்கியது.

பிறகு ஏன் இன்றும் பலர் வாலில் சக்கரம் வைக்கிறார்கள்? மூக்குச்சக்கரம் என்றால் இன்னொரு நீண்ட கால், அதைத் தாங்க ஒரு சட்டம், கூடுதல் எடை, கூடுதல் காற்றுத்தடை. வால்சக்கரம் அளவில் சிறியது, பின்னால் ஒதுங்கி நிற்பது. மேடுபள்ளமான புல்தரையில் மெல்லிய மூக்குக்கால் ஒரு குழியில் இறங்கினால் மடங்கி, விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடவும் கூடும். டெயில்டிராகர் அங்கே மூக்கை உயர்த்திக்கொண்டு போகும். புரொபெல்லருக்கும் தரைக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை அமெரிக்க விதிகள் டிரைசைக்கிளுக்கு 7 அங்குலம், டெயில்டிராகருக்கு 9 அங்குலம் என வகுத்திருந்தன. இந்த 9 அங்குலம் விமானம் மட்டமாக இருக்கும்போது அளப்பது. வால் தாழ்ந்து நிற்கையில் இடைவெளி இன்னும் கூடும். கல் தெறித்து புரொபெல்லரைக் கடிப்பது குறையும்.

ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. வரிசையில் இந்த முடிவு பெயரிலேயே இருக்கிறது. ஆர்.வி.-6 என்றால் வால்சக்கரம், ஆர்.வி.-6ஏ என்றால் மூக்குச்சக்கரம். ஒரே இறக்கை, ஒரே உடல். அந்த ஓர் எழுத்து, கட்டுபவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் உண்மை. ஆண்டுக்கு இருபது மணி நேரம் மட்டுமே பறக்க வாய்ப்புள்ளவர் அந்த 'ஏ'வைச் சேர்த்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

அடுத்தது, அந்தக் கால் எப்படி வளைய வேண்டும் என்ற கேள்வி. என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். பைப்பர் கப் போன்ற பழைய விமானங்களில் குழாய்களை முக்கோணமாகக் கட்டி, மேலே கீல் வைத்து, அதிர்ச்சியை வாங்க ரப்பர்க் கயிற்றைச் சுற்றியிருப்பார்கள். இதம் உண்டு, ஆனால் ரப்பர் காலப்போக்கில் தளரும், குழாய்கள் காற்றில் இரையும். ஸ்டீவ் விட்மன் இதை மாற்றினார். விஸ்கான்சினின் ஆஷ்காஷ் நகரில் விமான நிலையத்தை நடத்திக்கொண்டே பந்தய விமானங்கள் கட்டி ஓட்டியவர் அவர். அந்த விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கண்டது ஒரே ஓர் எஃகுப் பட்டை. மேல்முனை போல்ட்டில் உடலோடு இறுகியிருக்கும், கீழ்முனையில் சக்கரம். கீல் இல்லை, ரப்பர் இல்லை, எண்ணெய் இல்லை. தாங்குவதும் அதுவே, வளைவதும் அதுவே. செஸ்னா நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, 1946-இல் வந்த 140-இல் பொருத்தியது.

இந்தப் பட்டை ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கிடம் ஒரு குணம் உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மோசமாக இறங்கினால் விமானத்தை மீண்டும் மேலே எறியும். ஆனாலும் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. எடை விழுந்ததும் கால்கள் இரண்டும் வெளியே விரிகின்றன. விரியும்போது டயர்கள் பக்கவாட்டில் தரையை உரசுகின்றன. இறங்கிய வேகத்தில் ஒரு பங்கு அந்த உரசலில் சூடாகிக் கரைகிறது. ஷாக் அப்சார்பர் என்று தனியாக ஒன்று வைக்காமல் டயரையும் தரையையும் அந்த வேலைக்கு அழைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதைக் கொட்டகையிலேயே கண்ணால் காணலாம். விமானத்தை ஜாக்கியில் தூக்கினால் கால்கள் உள்ளே ஒடுங்கும். இறக்கியதும் உடனே விரியாது. டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால், விமானம் கூச்சப்பட்டு நிற்பதுபோல் உயர்ந்தே நிற்கும். நாலடி தள்ளிவிட்டால்தான் கால் தளர்ந்து தன் இடத்துக்கு வரும். அதனால் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அளப்பவர்கள், ஒவ்வொரு டயருக்கடியிலும் இரண்டு அலுமினியத் தகடுகளை வைத்து நடுவே கிரீஸ் தடவுவார்கள். தகடு வழுக்க, கால் தன் இயல்புக்கு விரியும். பிறகு நூல் கட்டி அளப்பார்கள். அந்த அளவு பிசகினால் டயர் ஒருபக்கம் தேய்வதோடு, தரையில் விமானத்தின் குணமே மாறிப்போகும்.

விட்மன் அதோடு நிற்கவில்லை. 1953-இல் பறந்த அவரது டெயில்விண்டில் பட்டையின் இடத்தில் கீழ்நோக்கி மெலியும் உருண்டை எஃகுக் கம்பி வந்தது. ஆர்.வி.களில் பலவும் அந்த வழியைப் பின்பற்றி, கம்பியின் மேல்முனையை இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டத்திலேயே செருகின. ஏற்கெனவே வலுவாக இருந்தே தீரவேண்டிய இடத்தில் இன்னொரு சுமையையும் வைத்ததால், விமானி அறையின் தரையைத் தனியாகப் பலப்படுத்த வேண்டியதில்லை. ஒரு பாகம் இரண்டு வேலை செய்வதைப் பார்க்கும்போது வரும் நிறைவு, நல்ல தச்சர் இழைத்த பொருத்தைத் தொட்டால் வருவது.

காலை மடக்கிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். சிறு விமானத்தில் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். மடக்கும் கருவிகளின் எடையும் சிக்கலும், மிச்சப்படும் காற்றுத்தடையைத் தின்றுவிடும். வடிவமைப்பாளர் பர்ட் ருட்டன் தம் லாங்-ஈஸி விமானத்தில் ஒரு நடுவழி கண்டார். பின்கால்கள் கண்ணாடியிழையில் வார்த்த ஒரே வில், அசையாதது. மூக்குச்சக்கரம் மட்டும் கைப்பிடியைச் சுற்றினால் மடங்கும். இன்ஜின் பின்னால் இருப்பதால் ஓட்டுநர் இறங்கியதும் அது பின்பாரம் தூக்கும் வண்டியாகிவிடும். எனவே நிறுத்தும்போது மூக்குச்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி வைக்கிறார்கள். மண்டியிட்டுக் காத்திருக்கும் யானையின் அடக்கம் அதில் தெரியும். ஐவன் ஷாவின் யூரோப்பா 1992-இல் பறந்தபோது நடுவே ஒற்றைப் பெரிய சக்கரத்தோடு வந்தது. ஒரே நெம்புகோல் சக்கரத்தையும், இறக்கைக்கடியில் ஊன்றும் சிறு கால்களையும், இறக்கையின் பின்விளிம்பில் தாழும் ஃபிளாப்பையும் சேர்த்தே இயக்கும். சக்கரம் இறங்கியிருந்தால் ஃபிளாப்பும் இறங்கியே இருக்கும். துணிவான அழகு அது. பின்னாளில் அதே விமானத்துக்கு டிரைசைக்கிள் வடிவமும் வந்தது. எல்லாக் கையும் ஒன்றல்ல.

சிறு விமானத்தின் காலைச் சோதிக்க ஒரு பழைய அமெரிக்க விதி, எடையேற்றி உயரத்திலிருந்து கீழே போடச் சொன்னது. இறக்கை தாங்கும் சுமையைப் பொறுத்து 9.2 அங்குலம் முதல் 18.7 அங்குலம் வரை. 18.7 அங்குலத்திலிருந்து விழுந்தால் தரை தொடும் வேகம் நொடிக்கு 10 அடி. வேகம் இரட்டித்தால் கால் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. எந்தத் தரை என்று தெரியாதவரை இந்தக் கணக்கும் பாதிக் கணக்குதான்.

எனவே, வரைபடத்தை விரிக்கும் முன் இறங்கப்போகும் தளத்தின் கடைசி நூறு அடியைக் காலால் நடந்து பார்ப்பவரை எனக்குப் பிடிக்கும். புல் எவ்வளவு உயரம், மழைக்குப் பின் எங்கே நீர் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று அவர் பாதம் அறிந்து திரும்பும். அவர் கட்டும் விமானம் வாலில் நிற்கட்டும், மூக்கில் நிற்கட்டும். குனிந்து பார்க்கும்போது, அந்த நடை அதன் காலில் தெரியும்.