புள்ளிராஜா: ஒரு விளம்பரத் தொடரின் படர்க்கை

2000களின் தொடக்கத்தில் சென்னைத் தெருக்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் விளம்பரத் தட்டிகள் எழுந்தன. இத்தொடரின் வலிமை அதன் படர்க்கையில் உள்ளது. ‘அந்தரங்க நோயா?’ என முன்னிலையில் வினவும் சுவரொட்டியின்முன் நிற்பவனே நோயாளியாகிவிடுகிறான். மயிலாப்பூர் மாடவீதியில் தெரிந்தவர் கண்ணில் படாமல் அதனைப் படித்தல் அரிது. புள்ளிராஜாவைப் பற்றியோ தேநீர்க் கடையிலும் உரக்கக் கேட்கலாம். ‘புள்ளி’ என்னும் சொல் ஆளைச் சுட்டியும் அடையாளம் காட்டாது நிற்கிறது. பிறனைப் பற்றிய வினாவாக வந்து, கேட்போனைத் தன் ஐயத்தின் பக்கம் நகர்த்துகிறது.

ஆயினும் வினா அவனோடு முடிந்துவிடுகிறது. அவன் மனைவிக்கு இத்தொடரில் இடமில்லை. கணவனன்றிப் பிற உறவறியாத பெண்கள் தொற்றுடன் சிகிச்சைக்கு வந்தமையைச் சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வுகள் அதற்கு முன்னரே பதிவுசெய்திருந்தன.