நகரமாகாத தலம்: மடுவின் வரலாறு கூறப்படும் முறை குறித்து ஒரு நோக்கு

தலவரலாறு நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஓர் இலக்கிய வகை. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்பவற்றின் பெருமையுரைத்தலே அதன் மரபு. தமிழில் எழுந்த கத்தோலிக்கத் தலவரலாறுகளும் இம்மரபினின்று பெரிதும் விலகவில்லை. வன்னிப் பெருங்காட்டின் மேற்கே அமைந்த மருதமடுவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அது வழக்கமாகக் கூறப்படும் முறை மடுவின் உண்மைச் சிறப்பை வெளிப்படுத்துகின்றதா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

கதை யாவரும் அறிந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சுருவத்தைச் சுமந்து காட்டினுட் புகுந்தன. யாழ்ப்பாணத்தினின்று தப்பிவந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர் என்பது மரபு. 1872 இல் இன்றைய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1924 ஜூலை 2 இல் சுருவத்திற்கு முடிசூட்டப்பட்டது. சுருவத்தின் பயணத்தில் தொடங்கிய கதை அதன் முடிசூட்டலில் உச்சமடைகின்றது. ஆயின், சுமந்தவர்கள் முதல் அதிகாரத்துடனேயே மறைந்துவிடுகின்றனர். இதுவே அக்கதையமைப்பின் பெருங்குறை.

பக்தி நூலிடம் சமூக வரலாற்றை எதிர்பார்த்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே எமது விடை. ஏனெனில், அபயம் தேடியோர் இன்றேல் அபயமளித்த அன்னையின் பெருமைக்கும் பொருளில்லை.

ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவை ஒப்புநோக்குவோம். அங்கே 1075 இல் பேராலயப் பணி தொடங்கியது. யாத்திரிகரின் வருகையால் ஆலயத்தைச் சூழ ஒரு நகரமே வளர்ந்தது. மடுவோ பேராலயமும் அன்று, நகரமும் அன்று. 1981 இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தின் பேராலயம் மன்னார் நகரிலேயே உள்ளது. ஆடியிலும் ஆவணியிலும் மரநிழலில் கூடாரங்கள் எழுகின்றன. திருவிழா முடியக் கலைகின்றன. மீண்டும் காடு. குடியேறும் இடமாக அன்றி, வந்து தங்கும் இடமாகவே மடு நிலைத்துள்ளது.

அத்தங்கல் எப்போதும் திருவிழாவுக்காக அமைந்ததன்று. 1990 இன் பின் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் அவ்வளாகத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். 1999 நவம்பர் 20 இல் எறிகணைகள் வீழ்ந்து, அங்கு தஞ்சமடைந்திருந்தோருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஏப்ரலில் சுருவமே மடுவைவிட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது, ஆகஸ்டில் மீண்டது. அபயமளித்தவளும் ஏதிலியானாள். 1670 இன் பயணம் பழங்கதையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தமையை இனி எழுதப்படும் தலவரலாறுகள் விரிவாகப் பதிவுசெய்யும் என்பதில் ஐயமில்லை. பதியவேண்டியதே. ஆயினும், 1999 இல் அம்மண்ணில் வீழ்ந்தோர்க்கு அதே நூலில் எத்தனை வரிகள் ஒதுக்கப்படுகின்றன என்பதைக் கொண்டே அதன் தகுதியை நாம் அளத்தல் வேண்டும். முடியை மட்டும் எழுதி, சுமந்த தோள்களை மறக்கும் வரலாறு பாதி வரலாறேயாகும்.