நல்ல கைத்துப்பாக்கி ஏன் விலைபோகவில்லை?

தரமான பொருள் ஒன்று சந்தையில் தோற்றால், "விலை அதிகம்" என்று ஒரே சொல்லில் காரணம் கூறி முடித்துவிடுவது வழக்கம். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் செய்த பி7 என்னும் கைத்துப்பாக்கியைப் பற்றியும் அப்படித்தான் எழுதி வருகிறார்கள். விலை அதிகம் என்பது மெய்தான். ஆனால் அந்த விலை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்கத் தொடங்கினால், நீங்கள் பதினோராம் வகுப்பில் படித்த உந்தம் அழியாமை விதியில் போய் நிற்பீர்கள்.

1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களுமாகப் பதினொருவர் கொல்லப்பட்டனர். அதன்பின் மேற்கு ஜெர்மனிக் காவல்துறையினர் தங்கள் பழைய 7.65 மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்குப் பதிலாக, 9 மில்லிமீட்டர் துப்பாக்கி வேண்டும் என்றனர். தோட்டா நிரப்பிய நிலையில் இடுப்பில் இருக்க வேண்டும். தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது. எடுத்தவுடன், வேறெந்தப் பூட்டையும் திறக்காமல் சுட வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான நிபந்தனைகள்தாம். வால்தர், சிக் சாவர் ஆகிய நிறுவனங்களின் துப்பாக்கிகளோடு பி7-உம் இதில் தேறியது.

இனிக் கணக்குக்கு வருவோம். 9 மில்லிமீட்டர் குண்டின் நிறை சுமார் 8 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். உந்தம் 2.8 கிலோகிராம்-மீட்டர்/விநாடி. குண்டு முன்னே போகும்போது, துப்பாக்கியின் மேற்பகுதியாகிய ஸ்லைடு அதே உந்தத்தோடு பின்னே வர வேண்டும். ஸ்லைடின் நிறை 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் பாயும். குண்டு குழலைவிட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆகாது; ஆனால் அதற்குள்ளேயே ஸ்லைடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பின்னே நகர்ந்துவிடும். வெடித்த கணத்தில் குழலுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். அது தணியுமுன் பித்தளை உறை வெளியே தலைகாட்டினால் கிழிந்துபோகும். ஸ்லைடும் சட்டத்தில் மோதி மோதிச் சீக்கிரம் கெடும். ஆகவே ஸ்லைடைச் சற்றே தாமதப்படுத்த வேண்டும்.

இதற்கு ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டிருந்தார். குழலும் ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் பின்னே வரும். பிறகு குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டை விடுவிக்கும். 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கியில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

பி7-ஐ வடிவமைத்தவர்கள் வேறு வழியில் போனார்கள். குழலில், தோட்டா இருக்கும் அறைக்குச் சற்று முன்னால் ஒரு சிறு துளை. வெடிப்பில் பிறக்கும் வாயுவில் ஒரு பங்கு அத்துளை வழியாகக் கீழே உள்ள ஓர் உருளைக்குள் புகும். ஸ்லைடோடு இணைந்த பிஸ்டன் அந்த உருளைக்குள் இருக்கிறது. ஸ்லைடைப் பின்னே தள்ளும் அதே வாயு, பிஸ்டனை அழுத்தி ஸ்லைடைப் பிடித்தும் வைக்கிறது! குண்டு வெளியேறியதும் அழுத்தம் குறையும். பிடியும் தானே தளரும். இந்தக் கருத்து 1945இல் ஜெர்மானியர் அவசரமாகச் செய்த ஒரு மலிவுத் துப்பாக்கியிலேயே இருந்தது. ஆனால் இவ்வளவு நேர்த்தியாக அதைச் செய்து காட்டியது பி7-தான்.

பலன்களும் உண்டு. குழல் சட்டத்தில் அசையாமல் நிற்பதால் குறி துல்லியமாக அமைகிறது. குழல் கையை ஒட்டித் தாழ்வாக அமைவதால், பின்னுதைப்பின் திருப்புத்திறன் குறைந்து முனை அதிகம் எகிறுவதில்லை. கைப்பிடியின் முன்பக்கத்தை அழுத்தினால் சுடத் தயார், விட்டால் பாதுகாப்பு. அழுத்துவதற்குச் சுமார் 70 நியூட்டன் விசை வேண்டும். அழுத்தியபின் பிடித்திருக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். காவல்துறை கேட்ட முரண்பட்ட நிபந்தனைகளுக்கு இதைவிட அழகான விடை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு எங்கே இடறியது?

சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அங்கே நீங்கள் அமுக்குவது வெறும் காற்று. பி7-இன் உருளைக்குள் புகுவதோ எரியும் வெடிமருந்தின் வாயு. மருந்தின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குண்டுக்குப் போகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி இந்த உருளையைச் சூடாக்குகிறது. உருளை இருக்கும் இடமோ, சுடுபவரின் விரல் நுழையும் டிரிக்கருக்கு நேர் மேலே! நாலைந்து மாகசின்களை விடாமல் சுட்டால் விரல் வைக்க முடியாது. பி7எம்8 என்ற பின்னைய வகையில் அங்கே ஒரு வெப்பத் தடுப்பைப் பொருத்தினார்கள். அது வெப்பத்தை மறைத்ததே தவிர, குறைக்கவில்லை. நான் இதை முதன்மையான குறையாகக் கருதுகிறேன். ஏனெனில் இது செய்நேர்த்தியின் குறையன்று, தத்துவத்தின் விலை.

இரண்டாவது, இந்த வடிவம் பெரிதாக மறுத்தது. 1990களில் அமெரிக்கக் காவல்துறையினர் .40 அங்குலத் தோட்டாவுக்கு மாறினர். அதற்கேற்ற பி7எம்10 வகையில் ஸ்லைடைக் கனமாக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியின் எடை ஒரு கிலோவைத் தாண்டியது. .45 அங்குலத் தோட்டாவுக்கு வாயுவை விட்டு எண்ணெயால் தடுக்கும் முறையை முயன்றார்கள். அது மாதிரிகளோடு நின்றது. பிரௌனிங் முறையோ எந்தத் தோட்டாவுக்கும் வளைந்து கொடுத்தது.

பயிற்சிச் சிக்கலும் இருந்தது. பதற்றத்தில் மனிதர் கை தானே இறுகும். இறுகினால் பி7 சுடத் தயாராகிவிடும். வேறு துப்பாக்கிக்குப் பழகிய காவலரை இதற்குப் பழக்கத் தனி உழைப்பு வேண்டும்.

இவற்றுக்கு மேலே வந்ததுதான் விலை. நுட்பமான எஃகு உறுப்புகளைக் கடைந்து, இழைத்து, ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். இந்த நேரத்தில் 1982இல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ ஏற்றது. அதன் சட்டம் வார்த்தெடுத்த பிளாஸ்டிக். உள்ளே பழைய பிரௌனிங் ஏற்பாடு. மாகசினில் 17 தோட்டாக்கள். பி7எம்8-இல் எட்டுதான். 13 தோட்டா கொள்ளும் பி7எம்13, அமெரிக்க ராணுவம் 1984இல் நடத்திய தேர்வில் வெல்லவில்லை. 1985இல் இத்தாலிய பெரெட்டா தேர்வாயிற்று. ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி 9 படையும், பவேரியக் காவல்துறையும், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலக் காவல்துறையும் பி7-ஐ ஏற்றன என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 1988இல் வந்த 'டை ஹார்ட்' படத்தின் வில்லன் கையிலிருப்பதும் இதுவே. திரையில் சூடு தெரியாது!

வேடிக்கை என்னவென்றால், பிளாஸ்டிக் சட்டத்தோடு கைத்துப்பாக்கி செய்து விற்பதில் முந்திக்கொண்டது கிளாக் அல்ல. இதே ஹெக்லர் அண்ட் கோக்தான். 1970இல் வந்த விபி70 அது. டிரிக்கர் மிகக் கடினமாக இருந்ததால் அதை எவரும் விரும்பவில்லை. மலிவான வழி கையிலிருந்தும், நிறுவனம் அருமையான வழியைத் தேர்ந்துகொண்டது.

1993இல் அதே நிறுவனம் யுஎஸ்பி என்ற புதிய கைத்துப்பாக்கியை வெளியிட்டது. சட்டம் பிளாஸ்டிக், குழல் பிரௌனிங் சொன்னபடி பின்னே வந்து சாய்கிறது, வாயு உருளை இல்லை. அது நன்றாக விற்றது. பி7-இன் தயாரிப்பு 2000களில் நின்றுபோயிற்று. இன்று அதைச் சேகரிப்போர் நல்ல விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள்.