மிதி சொல்லும் கோளாறு

மொன்றியலுக்கு வடக்கே புவாபிரியோனில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஆலை 2002இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த கமாரோக்கள் சில இன்னமும் கோடையில் எங்கள் தெருக்களில் உறுமிக்கொண்டு போகின்றன. அவற்றின் எஞ்சினைப் புகழ ஆள் நிறைய உண்டு. நான் புகழ வந்தது இடது மிதிக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச ஒயிலை. அது தகராறு பண்ணும்போது வீட்டு வாசலிலேயே நோயைக் கண்டுபிடிக்கிறவர்களின் கைப்பக்குவத்தை.

ஏற்பாடு எளிது. மிதியை அமத்தினால் மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும். குழாயின் மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டர் அந்தத் தள்ளலை வாங்கிக் கிளச்சைப் பிரிக்கும். ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். மிச்சமெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கைதேர்ந்தவர் முதலில் ஸ்பேனரைத் தொடுவதில்லை. முன்னால் வெட்டவெளி, வலது கால் பிரேக்குக்கு மேலே தயார். முதல் கியரைப் போட்டு, கிளச்சை அடிவரை அமத்தியபடியே காத்திருப்பார். கால் அசையாமலே கார் மெல்ல நகரத் தொடங்கினால், வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லாவிட்டாலும் மாஸ்டருக்குள் வாஷர் ஒயிலை விட்டுக்கொடுக்கிறது. இரண்டு மூன்று தரம் வேகமாக மிதித்த பிறகுதான் கியர் விழுகிறதா, குழாயில் காற்று. மிதித்தண்டு எஞ்சின் பக்கம் நுழையும் இடத்தை விரலால் தடவி ஈரம் பார்ப்பார். இன்னொருவரை மிதிக்கச் சொல்லி ரப்பர் குழாயைப் பிடித்துப் பார்ப்பார். கைக்குள் வீங்கினால் ஆள் அகப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இதைவிட நுட்பமானது. கிளச் வழுக்கினால் எல்லோரும் பிளேட்டைத்தான் பழிப்பார்கள், பெரும்பாலும் சரிதான். ஆனால் மிதியில் இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாமல் போனால், மாஸ்டரில் ஒயில் திரும்பும் நுண்துளை திறக்காது. அழுத்தம் உள்ளேயே தங்கிக் கிளச்சை அரைகுறையாகப் பிரித்தே வைத்திருக்கும். தண்டைக் கொஞ்சம் திருகினால் தீருகிற காரியம். பிளேட்டுக்குக் காசு கொடுக்குமுன் இதைப் பார்க்கிறவரைத்தான் நான் மெக்கானிக் என்பேன்.

ஊரின் குளிரும் சேர்ந்து விளையாடும். கிளச்சுக்கு ஊற்றுவதும் பிரேக் ஒயில்தான். மழைக்கால உப்பைப் போல அது ஈரத்தை இழுக்கும். டொட் 4 ஒயில் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 தாங்கினால் போதும் என்று தரவிதியே இறங்கிவருகிறது. சனவரியில் மைனஸ் இருபதுக்குப் போகும் காலையில் அந்தப் பழைய ஒயில் தடித்து, மிதி சோம்பலாக மேலே வரும். தெருவில் கொட்டுகிற உப்போ காற்று எடுக்கும் நிப்பிளைத் துருவால் பூட்டிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துபோகும். ஆறுமுனைச் சொக்கட், துருநீக்கி, ஓர் இரவுப் பொறுமை, இவை மூன்றும் வேண்டும்.

காற்று எடுப்பதற்கு இரண்டு பேர். "அமத்து", "பிடி" என்று கீழிருந்து குரல். நிப்பிளைத் திறந்து, குமிழி ரியூப் வழியே போத்தலுக்குள் போனதும் மூடி, அதன் பிறகே "விடு". மூடுமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். அவசரக்காரரை மிதியில் உட்கார வைக்கக் கூடாது. ஒயில் பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், உரித்துவிடும். கழிவை நகரின் எக்கோசென்டரில் கொடுக்கலாம்.

1998 முதல் வந்த எட்டு சிலிண்டர் கமாரோவில் நிப்பிளை எட்டுவதே பெரும்பாடு. அதனால் அதன் ரசிகர்கள் மேலே இருக்கும் தொட்டியிலிருந்து கறுத்த ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி, புதிது ஊற்றி, பலமுறை மிதித்து, தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஸ்லேவ் சிலிண்டரே கசிந்தால் இந்த வித்தை பலிக்காது. அது கியர்பெட்டித் தண்டைச் சுற்றி மூடிக்குள் உட்கார்ந்திருப்பது. பெட்டியை இறக்கினால்தான் கைக்கு வரும். பின் சந்தில் பனிமேல் படுத்து அதைச் செய்கிறவர்களை வியக்கிறேன், பின்பற்றச் சொல்ல மாட்டேன். கராஜுக்கு அனுப்புங்கள், பெட்டி கீழே இருக்கும்போதே பிளேட்டையும் பெயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.