இரவல் நகையில் ஒரு பெண்

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் கடைகளில் பொம்மைகளுக்குப் புதுச் சேலை ஏறிவிடும். இடுப்பில் ஒரு கை, சற்றே சாய்ந்த கழுத்து, நம்மைத் தாண்டி எங்கோ போகும் பார்வை. பதாகையில் நிற்கும் மாடலும் அப்படியேதான் நிற்பாள். பெண்ணுக்கு இந்த நிற்பை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நான் யோசிக்கத் தொடங்கியது என். புஷ்பமாலாவின் படங்களைப் பார்த்த பிறகுதான்.

அவர் 1956இல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தவர். 1990களின் நடுவில் தன் உடம்பையே ஊடகமாக எடுத்துக்கொண்டார். வேடமும் அரங்கும் நிற்பும் அவர் தீர்மானிப்பவை. கேமராவை இன்னொருவர் இயக்குவார். ‘ஃபேண்டம் லேடி’ தொடரில் (1996–98) முகமூடி அணிந்த சாகசக்காரியாக மும்பையில் உலவினார். ‘ஹண்டர்வாலி’ படத்தின் சாகச நாயகி நாடியாவுக்கு அவர் செய்த மரியாதை அது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000க்கும் 2004க்கும் இடையே உருவாக்கிய ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா’ தொடருக்கு. ஓவியர் ரவிவர்மாவின் லட்சுமி, நிலவொளியில் அமர்ந்த பெண், வேளாங்கண்ணி மாதா, 1970களின் தமிழ்ப்படத்தில் சாட்டை பிடித்த நாயகி, திருட்டு வழக்கில் கைதாகிச் செய்தித்தாளில் வந்த பெண்: எல்லாம் அவரே. அந்த லட்சுமியை நமக்குத் தெரியும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் மளிகைக் கடையில், கல்லாவுக்கு மேலே, ஊதுவத்திப் புகை படிந்த காலண்டரில் இருப்பவள் அவள் வம்சம்தான்.

வேடம் கச்சிதம். சேலை மடிப்பும் நகையும் வரையப்பட்ட திரையும் ஒரு ஃபேஷன் படப்பிடிப்புக்கு உரிய அக்கறையோடு அமைந்திருக்கும். உடம்பின் கனத்தை எங்கே நிறுத்துவது என்று சிற்பிக்குத் தெரியும். அதனால் அந்த நிற்பு நம்பும்படி இருக்கிறது. முகம் மட்டும் எதிலும் கரைவதில்லை. தெய்வத்திலும் திருடியிலும் நாற்பதைத் தாண்டிய அதே பெண். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 முதல் எடுத்த திரைப்பட பாணிப் படங்களில் வேடத்துக்குள் ஒளிந்துகொள்கிறார். எனக்கு புஷ்பமாலா ஒளியாமல் நிற்பதுதான் பிடிக்கிறது. ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும்போதுதான், தெய்வம், அழகி, குற்றவாளி என்ற சட்டங்கள் முதலில் செய்யப்பட்டு, பெண் பிறகு அவற்றுக்குள் நிறுத்தப்பட்டாள் என்பது புரிகிறது. அவருடைய பெண்ணியம் முழக்கம் போடுவதில்லை. நிற்கிறது, அவ்வளவுதான்.

அதே தொடரின் இன்னொரு படத்தில் புஷ்பமாலா கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்கிறார். 1869இல் லாம்ப்ரே என்பவர், பட்டு நூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் கட்டிய சட்டத்துக்கு முன் மனிதர்களை நிறுத்திப் படமெடுத்து உடம்பை அளக்க ஒரு முறை வகுத்தார். காலனிய மானுடவியலின் அளவுகோல் அது. அழகிக்கும் அடிமைக்கும் அளவெடுத்தது ஒரே கண்தான் என்று அந்தப் படத்தின் முன் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பாட்டியின் இரண்டு படங்களை எடுத்துப் பார்த்தேன். 1948இல் அவசரகாலம் அறிவித்த பிறகு மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமானது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பாட்டி அதற்காக எடுத்த படம் ஒன்று: நேர்ப்பார்வை, இறுகிய உதடு, உயிரே இல்லை. சில ஆண்டுகள் கழித்துக் கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது மற்றொன்று. பின்னால் மாடிப்படியும் பூச்சாடியும் வரைந்த திரை. கழுத்தில் தோட்டத்து மண்டோர் மனைவியிடம் இரவல் வாங்கிய அட்டிகை என்று அம்மா சொல்வார். இவ்வளவு நாளும் அந்த நகையைத்தான் பார்த்திருந்தேன். இந்த முறை கீழே பார்த்தேன். திரை தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் முன்னால் பாட்டியின் வெறுங்கால்கள், கட்டைவிரல் சிமெண்டுத் தரையை அழுத்தியபடி.