கைக்காசு அம்மாயியும் கோத்தகிரி மச்சானும்

கோத்தகிரிக்குப் போன இடத்தில் அத்தை மகன் கேட்டார்: "உங்க தோட்டத்துல அறுபது தாண்டின கெழவிகளையும் கொழுந்தெடுக்க விடுறாங்களாமே, மச்சான்? இங்க வயசாச்சுன்னா மரியாதையா அனுப்பிருவோம்."

எங்கே அனுப்புவீர்கள் என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் நீலகிரியில் தொடங்கியதுதான் இன்றைய டேன் டீ என்ற தமிழக அரசுத் தேயிலை நிறுவனம். அங்கே ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்து வீடு வேலையில் இருப்பவருக்குத்தான். தலைமன்னாரில் கப்பலேறிப் போய், கொழுந்து கிள்ளியே கிழவியானவள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். எங்கள் ஹட்டன் பக்கத்து லயக் காம்பரா இருட்டுத்தான், ஒழுகலும்தான். ஆனால் மகளோ மருமகளோ செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், இருந்தால் அம்மாயி அடுப்படியில் இருப்பாள். போ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏழு பேர்ச் காணியில் எங்களுக்கு வீடு கட்ட இந்தியா காசு தந்ததை மச்சான் ஞாபகப்படுத்தினார். தந்தது டெல்லி, கோத்தகிரி இல்லையே! அவரை அங்கே இன்னும் சிலோன்காரர் என்கிறார்கள். என் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர். இதில் யார் யாருக்குக் கொடுத்தது?

சட்டத்திலும் நாங்கள் இளைத்தவர்கள் இல்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் இடங்களில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதுவரை 55 என்று பல கம்பனிகள் அனுப்பிக்கொண்டிருந்தன. இந்தியாவில் தனியார் துறை முழுவதற்கும் இப்படியொரு சட்டம் கிடையாது. நிலையாணையும் ஒப்பந்தமும் சொல்வதுதான், பெரும்பாலும் 58. பணிக்கொடை, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு எங்களிடம் 14 நாள், அவர்களிடம் 15. அந்த ஒரு நாளை மச்சான் அழுத்திச் சொன்னார். நல்லவேளை, பென்ஷன் பேச்சை எடுக்கவில்லை. 58 வயதிலிருந்து மாதம் குறைந்தது 1000 ரூபாய் அவர்களுக்கு வருகிறது. எங்களுக்குச் சேமலாப நிதி மொத்தமாக வந்து, மகள் கல்யாணத்தோடு போய்விடும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் கைக்காசு. செக்ரோலில் பேர் வெட்டிய அம்மாயி அதே மலைக்குப் போகிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. சேமலாப நிதி கிடையாது, லீவுச் சம்பளம் கிடையாது. பேர் இருப்பவளுக்கும் நிம்மதியில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்கள் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டின. ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கு அது எட்டாது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 60 வரை நிறுத்தாதே என்ற சட்டம் தராசை ஒன்றும் செய்யவில்லை.

ஆனாலும் அம்மாயியிடம் கேளுங்கள், மலைக்குப் போவதைத் தடுக்கச் சொல்லமாட்டாள். இளவட்டத்துக்குக் கொடுக்கிற கணக்கிலேயே தனக்கும் கொடு, நிதியும் கட்டு என்பாள். மச்சான் சொன்ன மரியாதையில் அது இல்லை. எங்கள் துரைமாரிடமும் இல்லை.