கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கு

விளையாட்டு ரசிகர்களின் நம்பிக்கையைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான். எல்லாமே முடிவு தெரிந்த பிறகு எழுதப்பட்டவை. ஜெயித்த அணி என்றால் 'அதிசயம்', தோற்ற அணி என்றால் 'சோகம்'. இரண்டிலும், அந்த நாட்களில் ரசிகர் எப்படி இருந்தார் என்பது காணாமல் போய்விடுகிறது. முடிவு தெரிந்தவரிடம் இருப்பது தகவல் மட்டும். நம்பிக்கை, தெரியாதவருக்கே வாய்க்கிறது.

நான் ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் ரசிகன். எனவே 2015 மார்ச் மாதத்தை வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஹாக்கி என்றால் இங்கே ஐஸ் ஹாக்கி. வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில் அந்த ஆண்டு 30 அணிகள். ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் ஆடின. அதன் முடிவில் 16 அணிகள் பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். ஜெயித்தால் 2 புள்ளி. ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. இந்த ஒரு புள்ளிதான் ரசிகனைப் படுத்தி எடுப்பது. துரத்துகிற அணி ஓர் இரவு முட்டி மோதி ஜெயித்துவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தால், முன்னால் இருப்பவர்கள் தோற்றும்கூட ஒரு புள்ளி வாங்கி வைத்திருப்பார்கள். நாம் இரண்டு எட்டு வைத்தால் அவர்கள் ஒரு எட்டாவது வைத்துவிடுகிறார்கள். ஐபிஎல் கடைசி வாரத்தில் நெட் ரன் ரேட்டைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கு இது புரியும். என்ன, இங்கே அந்தக் கடைசி வாரம் இரண்டு மாதம் ஓடும்.

2015 பிப்ரவரி 10 அன்று ஒட்டாவா பிளேஆஃப் இடத்துக்கு 14 புள்ளிகள் பின்னால் இருந்தது. மீதி ஏறக்குறைய முப்பது ஆட்டங்கள். அடுத்த சில நாட்களில் அணியின் இரண்டு கோல்கீப்பர்களுமே காயத்தால் ஆட முடியாத நிலை வந்தது. மூன்றாவதாக வந்தவர் ஆண்ட்ரூ ஹேமண்ட். வயது 27. எந்த அணியும் டிராஃப்டில் தேர்ந்தெடுக்காதவர். கீழ்நிலை லீகில் அந்த சீசன் அவருடைய எண்களும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பிப்ரவரி 18 அன்று மான்ட்ரியலுக்கு எதிராக முதல்முறை தொடக்கத்திலிருந்து ஆடினார், ஜெயித்தார். அதன் பிறகு ஜெயித்துக்கொண்டே இருந்தார். சீசன் முடிவில் அவர் கணக்கு: 20 வெற்றி, 1 தோல்வி, ஓவர்டைமில் 2 தோல்வி. 'ஹாம்பர்க்லர்' என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொள்ள, ரசிகர்கள் வெற்றிக்குப் பிறகு பர்கர்களைப் பனித்தரையில் வீசினார்கள். கர்டிஸ் லஸார் என்ற இளம் வீரர் ஒன்றை எடுத்துக் கடித்தே விட்டார். ஏப்ரல் 11, கடைசி ஆட்டம். பிலடெல்பியாவை 3-1 என்று வென்று ஒட்டாவா 99 புள்ளிகளோடு உள்ளே போனது. முந்தைய ஆண்டு லீகிலேயே முதலிடம் பிடித்த பாஸ்டன் 96 புள்ளிகளோடு வெளியே நின்றது.

இந்தக் கதையை இணையத்தில் எங்கே வாசித்தாலும் இதே வரிசைதான். 14 புள்ளி, ஹேமண்ட், பர்கர், பிலடெல்பியா. கூடவே இன்னொன்றும் சேர்க்கப்படும். அணியின் பொது மேலாளர் பிரையன் முர்ரே தனக்குக் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்பதை அந்த சீசனில்தான் வெளியே சொன்னார். துணைப் பயிற்சியாளர் மார்க் ரீட்ஸ் ஏப்ரல் 14 அன்று, பிளேஆஃப் தொடங்குவதற்கு முதல் நாள், புற்றுநோயால் இறந்தார். முடிவு தெரிந்து எழுதுகிறவர்களுக்கு இவை கதைக்கான எண்ணெய். 'அவர்களுக்காகவே ஜெயித்தார்கள்' என்று எழுதிவிடலாம். அப்படியானால் அதே வருத்தங்களோடு ஆடித் தோற்ற அணிகளை என்ன சொல்வது? அவர்களுக்கு அன்பு போதவில்லையா? முடிவிலிருந்து பின்னோக்கி எழுதும்போது ஒரு மனிதரின் நோய்கூடப் புள்ளிப்பட்டியலுக்குக் காரணமாகிவிடுகிறது. எனக்கு இதில்தான் ஒவ்வாமை.

அதே மார்ச் மாதம் பஃபலோவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மார்ச் 26. பட்டியலின் அடியில் கிடந்த இரண்டு அணிகள், பஃபலோவும் அரிசோனாவும், பஃபலோவில் மோதின. ஓவர்டைமில் அரிசோனாவின் சாம் கேக்னர் கோல் போட்டார். பஃபலோ ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆம், சொந்த மைதானத்தில், எதிரணியின் கோலுக்கு. காரணம் டிராஃப்ட். அன்றைய விதிப்படி, கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு கிடைக்க 20 சதவீதம். எப்படிப் போனாலும் இரண்டாவது வாய்ப்பு உறுதியாக இருந்தது. முதல் இடத்தில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தது கானர் மெக்டேவிட். பஃபலோ வீரர்கள் வருத்தத்தை மறைக்கவில்லை. அன்றைய ஆரவாரம் அவர்களுக்கு நேரடியாகவே வலித்தது.

ரசிகர்களைத் திட்டுவது சுலபம். 'இவங்கெல்லாம் ரசிகர்களா?' என்று அன்றே கேட்டார்கள். ஆனால் யோசித்தால் அவர்களிடமும் இருந்தது நம்பிக்கைதான். அதிலும் கணக்கு சரியான நம்பிக்கை. ஒட்டாவா ரசிகனுடையதோ கணக்கில் தேறாதது. 14 புள்ளி பின்னால் இருப்பவன் புத்திசாலி என்றால் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

வித்தியாசம் எங்கே என்றால், பஃபலோவின் நம்பிக்கை அன்றைய ஆட்டத்தைப் பார்க்கவிடவில்லை. கண் முன்னால் வியர்த்துக்கொண்டு ஓடுபவர்கள் என்றோ வரப்போகும் ஒரு பையனுக்கான முன்பணமாகிவிட்டார்கள். ஒட்டாவாவின் நம்பிக்கையோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எடை கொடுத்தது. நம் ஆட்டத்துக்கு மட்டுமா? பாஸ்டன் எங்கோ யாரோடோ ஆடும் செவ்வாய்க்கிழமை ஆட்டமும் நம்முடையதாகிவிட்டது. முன்பின் தெரியாத அணியின் நான்காம் வரிசை வீரர் பக்கை வெளியே தள்ள வேண்டும் என்று நாம் பல்லைக் கடிக்கிறோம். இப்படி அடுத்தவர் ஆட்டத்தில் உயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறெந்த மாதத்திலும் நடக்காது.

கடைசியில் லாட்டரி எட்மன்டனுக்கு விழுந்தது. மெக்டேவிட் அங்கே போனார். இதைச் சொல்லிப் பஃபலோவைக் கேலி செய்தால் நானும் முடிவைப் பார்த்து மார்க் போடுகிறவனாகிவிடுவேன். மெக்டேவிட் பஃபலோவுக்கே வந்திருந்தாலும் அந்த ஆரவாரம் எனக்கு இதே மாதிரிதான் கேட்டிருக்கும். அதேபோல ஒட்டாவாவுக்கும் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை. முதல் சுற்றிலேயே ஆறு ஆட்டங்களில் மான்ட்ரியலிடம் தோற்றது. ஹேமண்டை இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு உட்கார வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு மாதங்களின் உயரத்தை அவர் பிறகு எட்டவே இல்லை.

கனடாவில் ஹாக்கி பற்றிய கதைகளில் மிகவும் நேசிக்கப்படுவது ரோஷ் காரியே எழுதிய 'ஹாக்கி ஸ்வெட்டர்'. 1979-ல் வெளியானது, 2002-ல் வந்த ஐந்து டாலர் தாளில் அதன் வரிகளையே அச்சடித்தார்கள். கியூபெக்கின் ஒரு கிராமத்தில் எல்லாப் பையன்களும் மான்ட்ரியலின் மோரிஸ் ரிஷார் அணியும் 9-ஆம் எண் ஸ்வெட்டரைப் போட்டிருக்க, ஒருவனுக்கு மட்டும் கடைக்காரர்கள் தவறுதலாக டொரன்டோ அணியின் ஸ்வெட்டரை அனுப்பிவிடுகிறார்கள். பனித்தரையில் அவமானம், கோபம். மட்டையை உடைக்கிறான். மன்னிப்புக் கேட்கப் பாதிரியார் அவனைக் கோயிலுக்கு அனுப்ப, அங்கே போய் இந்த ஸ்வெட்டரைத் தின்ன அந்துப்பூச்சிகளை அனுப்பு என்று கடவுளிடம் கேட்கிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. பூச்சி வந்ததா இல்லையா என்று காரியே சொல்வதில்லை. பிள்ளைப்பிராய நினைவேக்கம் என்று இந்தக் கதையை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதன் பலம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. பெரியவனாகிவிட்ட கதைசொல்லிக்கு முடிவு தெரியும். தெரிந்தும் சொல்லாமல், அந்தப் பையனை வேண்டுதலின் நடுவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

எங்கள் ஹேமண்ட் கதைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அது சாட்சியாகிவிட்டது. 2018 முதல் 2024 வரை ஏழு சீசன்கள் ஒட்டாவா பிளேஆஃபைத் தொடவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் யாராவது ஒருவர், 'பதினஞ்சுல நடக்கலையா? கணக்குப்படி இன்னும் சான்ஸ் இருக்குப்பா' என்பார். ஒருமுறை நடந்தது என்பதாலேயே மறுபடியும் நமக்குப் பாக்கி இருப்பது போன்ற தொனி அதில் உண்டு. ஆனால் 2015-ன் ரசிகனுக்கு அப்படி ஒரு சாட்சி இருக்கவில்லை. எதைப் பிடித்துக்கொண்டும் அவன் நம்பவில்லை. அடுத்த ஆட்டம் இருந்தது, பார்த்தான். 2025-ல் அணி மீண்டும் உள்ளே போனபோது அதிசயம் எதுவும் தேவைப்படவும் இல்லை. ஒழுங்காக ஆடினார்கள், போனார்கள்.

ரசிகர்களின் நம்பிக்கையைப் பற்றி எழுத நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். அணி ஆறு புள்ளி பின்னால், பதினோரு ஆட்டம் பாக்கி, இன்று இரவு பாஸ்டன் யாரோடு ஆடுகிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். ஏப்ரலில் திருத்தாதீர்கள்.